சட்டத்தின் விலையும் ‘அதிகாரபூர்வம்’ என்னும் முத்திரையும்: அமெரிக்க மாநிலங்களின் சட்டப் பதிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநில அரசுகள் தம் சட்டத் தொகுப்புகளையும் நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டுகளையும் தனியார் பதிப்பகங்களின் வழியே அச்சிட்டு விற்று வந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. 1834-ஆம் ஆண்டின் வீட்டன் எதிர் பீட்டர்ஸ் வழக்குத் தொடங்கி 2020-ஆம் ஆண்டின் ஜார்ஜியா வழக்கு வரையிலான தீர்ப்புகள் பெரும்பாலும் பதிப்புரிமைச் சிக்கல்களாகவே படிக்கப்பட்டுள்ளன. அவற்றை அரசின் அச்சுச் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியாகப் படிக்கும்போது, பதிப்பகத்தாருக்கு மாநிலங்கள் பணத்திற்கு ஈடாக அளித்தது ‘அதிகாரபூர்வப் பதிப்பு’ என்னும் தகுதியையே என்பது புலப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சட்டத் தொகுப்பு, தீர்ப்புத் திரட்டு, பதிப்புரிமை, அரசு ஆணைக் கோட்பாடு, ஜார்ஜியா, அதிகாரபூர்வப் பதிப்பு

முன்னுரை

சட்டம் தெரியாது என்பது நீதிமன்றத்தில் ஏற்கத்தக்க மறுமொழி ஆகாது. இவ்விதியை ஏற்கும் அரசு, சட்டத்தை மக்கள் அறியும் வழியையும் அமைத்துத் தரக் கடமைப்பட்டது. ஆனால் சட்டத்தை அச்சிடத் தாளும் மையும் வேண்டும். தொகுக்கவும் திருத்தவும் ஆட்கள் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தொடருக்குப் பின்னும் இணைப்பிதழ்கள் வேண்டும். இச்செலவைக் கருவூலத்திலிருந்து கொடுக்க அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் பெரும்பாலும் தயங்கின. அத்தயக்கத்திலிருந்தே சட்டப் பதிப்பு வணிகம் வளர்ந்தது.

அமெரிக்கக் கூட்டரசின் நிலை வேறு. 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, கூட்டரசின் ஆக்கங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அப்பிரிவு மாநிலங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனவே மாநில அரசின் ஆக்கங்களில் எது பொதுச்சொத்து, எது விற்பனைப் பொருள் என்பதை வரையறுக்கும் வேலை நீதிமன்றங்களிடம் வந்து சேர்ந்தது.

தீர்ப்பறிக்கையாளரின் வருவாய்

சிக்கலின் தொடக்கம் மாநிலத்தில் அன்று, கூட்டரசின் உச்ச நீதிமன்றத்திலேயே காணப்படுகிறது. பிற்கால மாநில வழக்குகள் அனைத்தும் அதனையே மேற்கோள் காட்டுவதால் அதனை முதலில் நோக்க வேண்டியுள்ளது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுபவர் தீர்ப்பறிக்கையாளர் எனப்பட்டார். 1816 முதல் 1827 வரை அப்பணியிலிருந்தவர் ஹென்றி வீட்டன். 1817-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியம் வகுத்தது. அதற்கு ஈடாக ஒவ்வொரு தொகுதியிலும் 80 படிகளை அவர் அரசுக்கு இலவசமாக அளிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வருவாயை நூல் விற்பனையிலிருந்தே அவர் ஈட்டினார். வீட்டனின் தொகுதிகள் புலமை மிக்க குறிப்புகள் கொண்டவை. ஆதலால் பருமனும் விலையும் மிகுந்தவை.

அவருக்குப் பின் வந்த ரிச்சர்டு பீட்டர்ஸ், முன்னோர் வெளியிட்ட 24 தொகுதிகளின் சாரத்தை 6 தொகுதிகளாகச் சுருக்கிக் குறைந்த விலையில் விற்க முற்பட்டார். வழக்கறிஞர் வாதங்களும் குறிப்புகளும் நீக்கப்பட்டன. தீர்ப்புகள் மட்டும் எஞ்சின. வீட்டனின் நூல்களுக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. அவர் தொடுத்த வழக்கில் 1834-இல் உச்ச நீதிமன்றம், தன் தீர்ப்புரைகளில் எந்தத் தீர்ப்பறிக்கையாளருக்கும் பதிப்புரிமை இல்லை, இருக்கவும் இயலாது என ஒருமித்துக் கூறியது. இத்தீர்ப்பு பொதுவாகத் தத்துவ வெற்றியாகப் போற்றப்படுகிறது. ஆயினும் வழக்கிற்குக் காரணமானது விலையே என்பதை மறத்தலாகாது. ஊதியத்தைக் குறைவாகக் கொடுத்து, மீதியை வாசகரிடம் பெற்றுக்கொள்ளுமாறு விடுத்த ஏற்பாட்டின் விளைவாகவே இரு அலுவலர்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றனர்.

மாநிலங்களின் ஒப்பந்தங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாநிலங்கள் இவ்வேற்பாட்டைச் சற்று மாற்றியமைத்தன. தீர்ப்பறிக்கையாளர் தாமே நூலை விற்பதற்குப் பதிலாக, மாநிலம் ஒரு பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும். பதிப்பகம் தன் செலவில் அச்சிடும். மாநிலம் அதற்குத் தனியுரிமை வழங்கும். அரசின் கணக்கில் செலவினம் தோன்றாது. வழக்கறிஞரும் நூலகமும் கொடுக்கும் விலையில் அது மறைந்திருக்கும்.

மாசச்சூசெட்ஸில் இத்தகைய ஒப்பந்தத்தைக் காட்டித் தீர்ப்புகளின் படிகளை ஒரு சட்ட இதழுக்குத் தர மறுத்தபோது, நாஷ் எதிர் லேத்ரப் (1886) வழக்கில் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் தலையிட்டது. ஒவ்வொரு குடிமகனும் சட்டத்தை அறிந்தவனாகக் கருதப்படும்போது, தீர்ப்புரைகளை அணுகும் வழியும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டாண்டுகளுக்குப் பின் ஒஹையோ மாநில வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அங்குத் தீர்ப்பறிக்கையாளர் மாநிலத்தின் நலனுக்காகப் பதிப்புரிமை பெறுவார். வெளியிடும் தனியுரிமை ஒப்பந்தத்தின்படி பேங்க்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. மான்செஸ்டர் என்பவர் தம் சட்ட இதழில் தீர்ப்புகளை அச்சிட்டதே வழக்கிற்குக் காரணம். பேங்க்ஸ் எதிர் மான்செஸ்டர் (1888) தீர்ப்பு நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. பொதுக் கருவூலத்தில் ஊதியம் பெறும் நீதிபதிக்குத் தம் பணியின் விளைபொருளில் சொத்துரிமை இல்லை. அவர் பதிப்புரிமைச் சட்டம் கருதும் ஆசிரியரும் அல்லர்.

ஆனால் அதே ஆண்டில் வந்த காலகன் எதிர் மையர்ஸ் தீர்ப்பு மறுபக்கத்தைத் திறந்துவைத்தது. இல்லினாய்ஸ் தீர்ப்புத் திரட்டுகளில் தீர்ப்பறிக்கையாளர் எழுதிய தலைக்குறிப்புகளுக்கும் சுருக்கங்களுக்கும் அவர் பதிப்புரிமை கொள்ளலாம் என அது கூறியது. மிச்சிகன் சட்டத் தொகுப்பு தொடர்பான ஹாவல் எதிர் மில்லர் (1898) வழக்கிலும் நீதிபதி ஹார்லன் இவ்வாறே பிரித்தார்: மாநிலச் சட்டங்களை அச்சிடும் தனியுரிமை எவருக்கும் இல்லை, தொகுப்பாளர் தாமே எழுதிய குறிப்புகள் அவருக்குரியவை.

இப்பிரிவினை நேர்த்தியாகத் தோன்றினும் ஒரு நிலைமையை அது எண்ணிப் பார்க்கவில்லை. குறிப்பெழுதுபவர் தனியாராக இருக்கும்வரை விடை தெளிவு. குறிப்புகளை மாநிலமே எழுதுவித்து, சட்ட வாசகத்தோடு ஒன்றாகப் பிணைத்து, அப்பிணைப்புக்கே ‘அதிகாரபூர்வம்’ என்று பெயரிட்டால் என்ன ஆகும்? அந்நிலைமை உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இடைக்காலத்தில் சந்தை வேறு திசையில் நகர்ந்தது. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஜான் வெஸ்ட் நிறுவிய பதிப்பகம் 1879-இல் வடமேற்கு மாநிலங்களின் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கி, 1880-களின் இறுதிக்குள் நாடு முழுவதையும் தழுவிக்கொண்டது. அதன் தொகுதிகள் அரசுத் திரட்டுகளைவிட விரைவாக வெளிவந்தன. காலப்போக்கில் பல மாநிலங்கள் தம் திரட்டுகளை நிறுத்திவிட்டு வெஸ்ட் பதிப்பையே அதிகாரபூர்வமாக ஏற்றன. புளோரிடா 1948-இல் அவ்வாறு செய்தது. தனியார் நூலின் பக்க எண்ணே நீதிமன்றத்தில் தீர்ப்பைச் சுட்டும் முகவரியாயிற்று. அப்பக்க எண்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதில் 1986-இலும் 1998-இலும் இரு கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிரான முடிவுகளை எடுத்தன. லூயிசியானா 1994 முதல் எந்தப் பதிப்பகத்தையும் சாராத சுட்டுமுறையைப் பின்பற்றத் தொடங்கியது இச்சிக்கலிலிருந்து விடுபடவே.

ஜார்ஜியாவின் ஏற்பாடு

ஜார்ஜியா சட்டமன்றம் 1977-இல் சட்டத் தொகுப்புத் திருத்த ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சட்டமன்றத்தினர். நிதி சட்டமன்றத்திற்குரிய ஒதுக்கீட்டிலிருந்து வந்தது. புதிய தொகுப்பை ஆயத்தம் செய்யும் பணி மிச்சி பதிப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மாநிலச் சட்ட நூல் வெளியீட்டில் இருந்த ஹாரிசன் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 1979-இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், பதிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் சட்டங்களையும் அவற்றிற்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கங்களையும் தொகுப்பதை மேற்பார்ப்பதும் சட்டமியற்றும் அதிகார எல்லைக்குள் அடங்கும் பணிகளே என்று தீர்ப்பளித்தது. அன்று மாநிலத்தைக் காத்த அவ்வாக்கியமே நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் மாநிலத்திற்கு எதிராகத் திரும்பியது.

புதிய தொகுப்பு 1982 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சட்டப் பிரிவின் கீழும் விளக்கக் குறிப்புகள் இடம்பெற்றன. அப்பிரிவைப் பற்றிய தீர்ப்புகளின் சுருக்கம், மாநிலத் தலைமை வழக்கறிஞரின் கருத்துரைகள், தொடர்புடைய கட்டுரைகள் ஆகியன அவற்றில் அடங்கும். இவற்றை ஆணையத்தின் மேற்பார்வையில் பதிப்பகத்தார் எழுதினர். பிற்காலத்தில் அப்பதிப்பகம் லெக்ஸிஸ்நெக்ஸிஸ். ஊதியத்திற்குச் செய்த பணி என்னும் ஒப்பந்த நிபந்தனையால் பதிப்புரிமை மாநிலத்தைச் சேர்ந்தது. லெக்ஸிஸ் நிறுவனத்திற்கு அச்சிட்டு விற்கும் தனியுரிமை கிடைத்தது. அதற்கு மாற்றாக அந்நிறுவனம் இரு கடமைகளை ஏற்றது: அச்சுப் பதிப்பை வரையறுத்த விலைக்கு மேல் விற்கலாகாது, குறிப்புகள் நீக்கிய சட்ட வாசகத்தை இணையத்தில் இலவசமாகத் தர வேண்டும்.

தமிழில் ‘அதிகாரம்’ என்னும் சொல் ஆட்சி வலிமையையும் நூலின் உட்பிரிவையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைவுக்கு வருகிறது. ஜார்ஜியாவில் நூலின் உட்பிரிவு எதுவெனத் தீர்மானிப்பதே ஆட்சி வலிமையைப் பகிரும் செயலாயிற்று. இலவச இணையப் பதிப்பைத் திறப்பவர் பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்க வேண்டியிருந்தது. அதிகாரபூர்வமானது அச்சுப் பதிப்பே என்னும் எச்சரிக்கையும் இருந்தது. அதிகாரபூர்வமற்ற பதிப்பை மேற்கோள் காட்டும் வழக்கறிஞர் அதனால் வரும் தீங்கைத் தாமே ஏற்கிறார் என நீதிமன்றத் தீர்ப்பொன்று கூறியிருந்தது. அத்தீர்ப்பின் சுருக்கம் அச்சிடப்பட்டிருந்தது விளக்கக் குறிப்புகளுள்தான். இலவசப் பதிப்பை மட்டும் படித்தவருக்கு அவ்வெச்சரிக்கை கண்ணில் படாது.

விலை பற்றிய எண்களைக் கூர்ந்து நோக்கினால், மாநிலத்தின் பேராசையே இதற்குக் காரணம் என்னும் எளிய விளக்கம் நிற்காது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது முழுத் தொகுப்பின் அச்சு விலை 412 டாலர். வெஸ்ட் வெளியிட்ட அதிகாரபூர்வமற்ற ஜார்ஜியாத் தொகுப்பின் விலையோ 2,570 டாலர். அதாவது, தனியுரிமை பெற்ற பதிப்பு போட்டிப் பதிப்பின் விலையில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே விற்றது. 2014 நிதியாண்டில் உரிமத் தொகையாக ஆணையத்திற்குக் கிடைத்தது 85,747.91 டாலர். ஒரு மாநிலத்தின் வரவு செலவில் இது பொருட்படுத்தத்தக்க தொகை அன்று. மாநிலம் பெற்ற உண்மையான ஆதாயம் அது செலவழிக்காமல் விட்ட தொகையே. சட்டத்தைத் தொகுத்துக் குறிப்பெழுதி அச்சிடும் முழுச் சுமையும் பதிப்பகத்தின் தோளில் ஏறியது. பதிப்பகம் அதனைச் சுமந்ததற்குக் காரணம் ‘அதிகாரபூர்வம்’ என்னும் சொல். அச்சொல் அட்டையில் இருக்கும்வரை ஒவ்வொரு நீதிமன்றமும் சட்ட அலுவலகமும் அந்நூலை வாங்கியே தீர வேண்டும்.

பிற மாநிலங்கள் நேரடி விற்பனை முறையையும் கையாண்டன. 2008-ஆம் ஆண்டுச் செய்தி அறிக்கைகளின்படி, கலிபோர்னியா தன் ஒழுங்குமுறை விதித் தொகுப்பின் மின்வடிவிற்கு 1,556 டாலரும் அச்சு வடிவிற்கு 2,315 டாலரும் பெற்றது. ஒரேகான் தன் சட்டமன்ற அலுவலகத்தின் வழியே தொகுப்பை வெளியிட்டு, பிரிவுத் தலைப்புகளுக்கும் வரிசைமுறைக்கும் பதிப்புரிமை கோரியது. அதே 2008-இல், பொது விசாரணைக்குப் பின், அக்கோரிக்கையை வலியுறுத்துவதில்லை என்று சட்டமன்றக் குழு முடிவெடுத்தது. வழக்கின்றி இச்சிக்கல் தீர்ந்த அரிய நேர்வு இது.

வழக்கும் தீர்ப்பும்

கலிபோர்னியா, ஒரேகான், ஜார்ஜியா ஆகிய மூன்று மாநிலங்களையும் எதிர்கொண்டவர் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பை நிறுவிய கார்ல் மலமுட். 2013-இல் ஜார்ஜியாத் தொகுப்பின் அச்சுத் தொகுதிகளை விலைக்கு வாங்கி, வருடி, இணையத்தில் ஏற்றினார். சேமிப்புக் கருவிகளில் பதிந்து மாநில அலுவலர்களுக்கே அனுப்பியும் வைத்தார். இவர் தம் செயலைக் காந்தியின் சத்தியாகிரகத்தோடு இணைத்துப் பேசுபவர். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் தரநிலை ஆவணங்களையும் இவ்வாறே வெளியிட்டவர். சாம் பிட்ரோடாவுடன் இணைந்து ‘கோட் ஸ்வராஜ்’ என்னும் நூலை 2018-இல் கொண்டுவந்தார்.

மாநிலம் 2015-இல் வழக்குத் தொடுத்தது. 2017-இல் மாவட்ட நீதிமன்றம் மாநிலத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது: குறிப்புகளுக்குச் சட்ட வலிமை இல்லை, எனவே அவை பதிப்புரிமைக்கு உரியவை. 2018-இல் பதினொன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2020 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் மாநிலத்தின் கோரிக்கையைத் தள்ளியது.

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, குறிப்புகளுக்குச் சட்ட வலிமை உண்டா என்னும் கேள்வியை ஒதுக்கிவைத்தது. ஆசிரியர் யார் என்பதையே அது வினவியது. ஆணையம் சட்டமன்றத்தின் ஓர் உறுப்பு; குறிப்புகள் சட்டமியற்றும் பணியின் போக்கில் உருவானவை; நீதிபதிக்குச் சொல்லப்பட்ட விதி சட்டமன்றத்தினருக்கும் பொருந்தும். ஹாரிசன் வழக்கின் 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கே சான்றாயிற்று. பொருளியல் நோக்கில் தீர்ப்பின் வேறொரு பகுதி முதன்மை வாய்ந்தது. விமானப் பயணத்தின் இருக்கை வகுப்புகளை உவமையாக்கி, மலிவு வகுப்பு வாசகர் என்றும் முதல் வகுப்பு வாசகர் என்றும் இருவரை அது காட்டுகிறது. குறிப்பில்லாத இலவசப் பதிப்பைப் படிப்பவர், தேர்தல் வேட்பாளர் செலுத்த வேண்டிய பெருங்கட்டணம் பற்றிய சட்டத்தையும், இசைவுடன் கூடிய பாலுறவைக் குற்றமாக்கும் சட்டத்தையும் நடப்புச் சட்டங்களாகவே கருதுவார். அவற்றின் முக்கியக் கூறுகளை நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என அறிவித்துவிட்டது என்னும் செய்தி, விலை கொடுத்தவருக்கு மட்டுமே கிட்டும்.

இவ்வாதம் வலிமையானதே. எனினும் மாறுபட்ட தீர்ப்புரைகளை எளிதில் ஒதுக்க இயலாது. நீதிபதி கின்ஸ்பர்க், குறிப்புகள் சட்டம் இயற்றிய பின் எழுதப்படுபவை, விதிப்பவை அல்ல, விவரிப்பவை என்றார். நீதிபதி தாமஸ் நேரடியாகச் செலவைச் சுட்டினார். 22 மாநிலங்களும் 2 ஆட்சிப்பகுதிகளும் தலைநகர் மாவட்டமும் இத்தகைய ஏற்பாட்டையே நம்பியிருந்தன. பதிப்புரிமை இல்லையெனில் மலிவான அதிகாரபூர்வப் பதிப்பை வெளியிட எப்பதிப்பகம் முன்வரும் என்பது அவர் கவலை. 412 டாலருக்கும் 2,570 டாலருக்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணினால் இக்கவலை வெறும் அச்சுறுத்தலாகத் தோன்றவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்கு அளித்த விடை, கொள்கையை மாற்ற விரும்புவோர் காங்கிரசை அணுகலாம் என்பதாகும். செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி அத்தீர்ப்பில் விடைபெறவில்லை. 1817-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலும் அது விடைபெற்றதாகச் சொல்ல முடியாது.

அதிகாரபூர்வ மின்பதிப்பு

தீர்ப்புக்கு முன்னரே வேறொரு வழி திறந்திருந்தது. ஆர்கன்சா 2009-இல் மின்வடிவத் தீர்ப்புகளை அதிகாரபூர்வமாக்கியது. இல்லினாய்ஸ் 2011-இல் அச்சுத் திரட்டை நிறுத்தி, நீதிமன்ற இணையதளத்திலேயே தீர்ப்புகளை அதிகாரபூர்வமாக வெளியிட்டது; காலகன் எதிர் மையர்ஸ் வழக்கிற்கு மூலமான திரட்டு அவ்வாறு முடிவுக்கு வந்தது. அதே 2011-இல் சீர்மைச் சட்ட ஆணையம் மின்வடிவச் சட்ட ஆவணங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை ஒப்புதலாக்கியது. மாநிலம் ஒரு மின்பதிப்பை அதிகாரபூர்வம் என்று அறிவித்தால், அதன் மெய்ம்மையைச் சான்றளிக்கவும் அதனைப் பாதுகாக்கவும் மக்கள் நிலையாக அணுகும்படி வைக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். பதிப்பகங்களுடனான ஒப்பந்தங்களில் அம்மாதிரிச் சட்டம் தலையிடவில்லை; மின்பதிப்பை அதிகாரபூர்வமாக்கியே தீர வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்தவில்லை.

ஆதலின் 2020-க்குப் பின்னும் இரு உரிமைகள் தனித்தனியே நிற்கின்றன. ஜார்ஜியாத் தொகுப்பின் குறிப்புகளை இன்று எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம், விற்கலாம். அதிகாரபூர்வமற்ற பதிப்பை மேற்கோள் காட்டும் வழக்கறிஞருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையும் அவ்வாறு படியெடுக்கப்படும் குறிப்புகளுள் ஒன்று. அப்படியை எடுத்து அச்சிடுபவர் தம் நூலின் அட்டையில் ‘அதிகாரபூர்வப் பதிப்பு’ என்று பொறித்துக்கொள்ள இயலாது. அத்தகுதியை எப்பதிப்புக்கு வழங்குவது என்பதை முன்போலவே மாநிலம் தீர்மானிக்கிறது.